சீமெண்ணெய் மாப்பிள்ளை

பயப்படாதீங்க அம்மணி. உங்க கையை நான் புடிச்சிருக்கிறது எனக்காக இல்லீங்க, உங்களுக்காகத்தான். மேல ஏறும்போது இப்படித்தான் ஒரு ஆட்டு ஆட்டும், அப்புறம் அடங்கிடும். எனக்கு இதெல்லாம் பழகிப் போச்சுங்க. இது அஞ்சாவது விமானம்! கோயமுத்தூர்ல ஏறி டெல்லி, அது ஒண்ணு. டெல்லியில ஏறி கனடாவுல வான்கூவர், ரெண்டு. அங்கிருந்து என் மக இருக்கிற எட்மன்டன், மூணு. திரும்பி வர எட்மன்டன்ல ஏறினது நாலு. இது அஞ்சு. எங்க காங்கேயத்துல யாருங்க அஞ்சு ஏறியிருக்கா?

நீங்க மதுரைங்களா? பேச்சுலயே தெரிஞ்சுதுங்க.

இந்த பாட்டிலா? தேங்காய் எண்ணெய்ங்க, எங்க மில்லு எண்ணெய். தலைக்குத் தேய்க்க இல்லீங்க, இது ஒரு கருவி. அப்புறம் சொல்றேன். இப்போதைக்கு ஓடிட்டு இருக்குது, பாருங்க, சாய்ச்சா சாயுது. இது ஓடற வரைக்கும் நமக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, மொதல்ல இருந்து சொல்றேன். நானு போன தை மாசம் கனடாவுக்குப் போனது ஊர் சுத்தறதுக்கு இல்லீங்க. ஒரு கல்யாணத்தை நிறுத்தறதுக்குப் போனேன். வேற யாரு கல்யாணம்? எம் மக யமுனா கல்யாணம்தான்.

ஒத்தைப் புள்ளைங்க. நான் எட்டாவதோட நின்னவ. எங்கப்பன் கொப்பரைக் களத்துல காக்கா ஓட்ட ஆள் வேணும்னு என்னை நிறுத்திட்டார். யமுனாவ அப்படி விடலை. படின்னேன், படிச்சா. இன்னும் படின்னேன், கனடா போயிட்டா. நான் படின்னுதானுங்க சொன்னேன், போன்னு எப்பச் சொன்னேன்? சரி, படிச்சு முடிச்சா வந்துருவா, எந் தம்பி மகன் லோகு இருக்கிறான், முறை மாப்பிள்ளை, ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு, நம்ம மில்லையே பாத்துக்கிட்டும். சாயங்காலமானா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்னு நான் மனசுல கல்யாணத்தையே முடிச்சு வெச்சிருந்தேன்.

அவ ஒரு நாள் போன்ல வந்து, "அம்மா, நிமலன்னு ஒருத்தர். யாழ்ப்பாணத்துக்காரங்க, சின்ன வயசுலயே குடும்பத்தோட கனடா வந்துட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷன்"னா.

"என்ன வேலை?"

"விமான நிலையத்துல."

அடடா, பைலட்டோன்னு ஒரு நிமிஷம் நெனச்சேனுங்க. மறைக்க என்ன இருக்குது, நெனச்சேன்.

"விமானத்துக்கு எரிபொருள் நிரப்பறது, அதைச் சோதிக்கிறது, அந்த வேலை"ன்னா.

"பெட்ரோல் பங்க்கா?"ன்னேன்.

"அம்மா!"ன்னா.

எந் தம்பி பொன்னுசாமி விசாரிச்சுட்டு வந்து, "அக்கா, அது பெட்ரோல் கூட இல்லையாம். சீமெண்ணெயாம்! நம்ம ரேஷன் கடைச் சீமெண்ணெயையே நல்லாச் சுத்தம் பண்ணி ஊத்தறாங்களாம். ஒத்தப் புள்ளைய சீமெண்ணெய்க்காரனுக்கா குடுக்கப் போறே?"ன்னான். எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கலை. கேன் எடுத்துட்டு ரேஷன் கடையில வரிசையில நின்னவளுங்க நானு. அதை ஊத்தியா ஆகாசத்துல முன்னூறு பேரைத் தூக்கிட்டுப் போறாங்க?

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா, அந்த மனுஷன் எண்ணெய் டின்னுக்கு மூடி போட்டுட்டே, "நீ போயிப் பாத்துட்டு வா. நீ சொன்னாச் சரி"ங்கிறார். யமுனாவும் அதேதான் சொன்னா. "நேர்ல வந்து பாரும்மா. பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு, நான் விட்டுடறேன்." எல்லாரும் எம்மேல அத்தனை நம்பிக்கை. என் ஒரு வார்த்தையிலதான் நிக்குதுன்னு எனக்கும் தெரிஞ்சு போச்சு. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துரலாம்னுதான் பெட்டி கட்டினேன்.

கெளம்பறதுக்கு முன்னால அந்த நிமலனை ஒரு தரம் போன்ல புடிச்சேன். எண்ணெய் வியாபாரத்துல யாரையும் மூஞ்சியப் பாத்து நம்பக் கூடாதுங்க, கேள்வி கேக்கோணும். கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, மார்கழி வந்தா எங்கூர்ல டின்ல இருக்கிற தேங்காய் எண்ணெய் கட்டிப் போயிடும். வெய்யில்ல வெச்சாத்தான் எளகும். நீங்க ஊத்தற எண்ணெய் அத்தனை குளிர்ல மேல போய்க் கட்டிக்காதா?"

மாட்டிக்கிட்டான்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா அவனுக்குச் சந்தோஷம் தாங்கலை.

"அன்ரி! நான் ஒன்பது வருசமா இந்த வேலை பாக்கிறன். எங்கட அம்மா கூட ஒரு நாளும் இப்பிடிக் கேட்டதில்லை. கட்டும் அன்ரி. உங்கட தேங்காய் எண்ணெய் மாதிரியேதான். ஒரேயடியா ஐஸ் மாதிரிக் கட்டாது. முதல்ல உள்ளுக்குள்ள மெழுகு மாதிரித் துணிக்கை வரும். பிறகு கூழ் மாதிரி ஆகும். வடிகட்டியில போய் அடைக்கும். டெல்லியில உங்களுக்கு அடிக்கிற எண்ணெய் மைனஸ் நாப்பத்தேழு வரைக்கும் தாங்கும்."

"அதுக்கும் மேல குளிர்ந்தா?"

"கப்டனுக்கு முன்னால காட்டும் அன்ரி, செட்டைக்குள்ள இருக்கிற எண்ணெய் எவ்வளவு குளிர்ந்திருக்கு எண்டு. நெருங்கினா அவர் கொஞ்சம் கீழ இறங்குவார், கீழ குளிர் குறைவு. இல்லாட்டி வேகத்தைக் கூட்டுவார். பிறகு இன்னொண்டு…"

அந்த நேரம் பாத்து எங்க வீட்டுக் குக்கர் கத்துச்சு, போனை வெச்சுட்டேன். செட்டைன்னா அவங்க பேச்சுல எறக்கைங்க, அன்ரின்னா ஆன்ட்டி. எறக்கைக்குள்ளதான் எண்ணெய் வெக்கறாங்களாம்! அது தெரிஞ்ச பொறவு எப்படிங்க தூக்கம் வரும்? மைனஸ் நாப்பத்தேழு, தேங்காய் எண்ணெய் மாதிரியே. இந்த ரெண்டு மட்டும் மண்டையில நின்னுக்குச்சு.

அதனாலதான் இந்த பாட்டில். கைப்பையில சின்ன பாட்டில்னா விடறாங்க. எங்க மில்லு எண்ணெய் பொய் சொல்லாதுங்க. அது கட்டினா எல்லாம் கட்டுது. நான் போட்ட கணக்கு அதுதான்.

டெல்லியில ஏறி உக்காந்தேன். ஜன்னலோரம், எறக்கைக்கு நேரா. முன்சீட்டு முதுகுல ஒரு டி.வி. பக்கத்துல ஒரு சர்தார் பெரியவர், ஏறினதும் தூங்கிட்டார், பாக்கியவான். நான் அந்தப் பொட்டியில படமெல்லாம் பாக்கலை. மேப் ஒண்ணு வருமே, எவ்வளவு ஒசரம், வெளியில எவ்வளவு குளிருன்னு, அதை மட்டும் பாத்துட்டே இருந்தேன். மைனஸ் முப்பது. சரி. மைனஸ் நாப்பத்தி ரெண்டு. பாட்டிலச் சாய்ச்சேன், ஓடுது. சாப்பாடு வந்துச்சு, நான் தொடலை. மைனஸ் அம்பது! நாப்பத்தேழு தாண்டிப் போச்சுங்க. பாட்டிலச் சாய்ச்சேன். ஓரத்துல லேசா வெள்ளை.

கீழ எட்டிப் பாத்தா ஒரே பனி. ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு காக்கா இல்லை. நல்லாப் பட்டப்பகல், வெய்யில் அடிக்குது, ஆனா வெளியே மைனஸ் அறுபத்தி ரெண்டு. பாட்டிலக் கவுத்தேன்.

வுழலீங்க! ஒரு சொட்டு வுழலை. வெள்ளையா, இட்லி மாவு மாதிரி நிக்குது.

மணியை அமுக்கினேன். சாப்பாடு குடுத்த பொண்ணு வந்துச்சு, ரோஸ் கலர்ல உதட்டுச் சாயம், லட்சணமான புள்ளை, டெல்லிப் பக்கம் போல. எனக்கு இந்தி வராது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் எண்ணெய் மில்லுக்குப் போதுங்க. ஆயில், டின், லோடு, நோ ஸ்டாக். பாட்டிலக் கவுத்துக் காட்டி, "ஆயில்! ஆயில்!"ன்னேன். அது அழகாச் சிரிச்சுட்டு பாட்டில வாங்கிட்டுப் போய், ஒரு கப்புல சுடுதண்ணி ஊத்தி, அதுல பாட்டில நிக்க வெச்சுக் கொண்டாந்து குடுத்துச்சு. தலைக்குத் தேய்க்கன்னு நெனச்சுக்கிச்சு பாருங்க.

இது ஆகறதில்லைன்னு மறுபடியும் மணியை அமுக்கி, எறக்கையக் காட்டி, பாட்டிலக் காட்டி, கையை மேல இருந்து கீழ எறக்கிக் காட்டி, சத்தமாச் சொன்னேன்: "கேப்டன் டவுன்! கேப்டன் டவுன்!"

அந்தப் பொண்ணு மொகம் வெளுத்துப் போச்சுங்க. சர்தார் பெரியவர் முழிச்சுட்டார். பின்னால ரெண்டு வரிசை எந்திரிச்சு நின்னுருச்சு. ஏன்னு எனக்குத் தெரியலை, நல்லதுதானே சொன்னேன்? அந்தப் பொண்ணு முன்பக்கம் ஓடுச்சு. நான் சொன்னது போய்ச் சேர்ந்துட்டுதுன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்தக் காத்திருந்த நேரம் இருக்குது பாருங்க அம்மணி. அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. டெல்லியில நான் ஏறும்போது எறக்கைக்குக் கீழ ஒரு லாரி நின்னுது, கொழாய் போட்டு எவனோ ஒருத்தன் ஊத்திட்டு இருந்தான். அவன் மூஞ்சியக் கூட நான் பாக்கலை. இப்ப எங்க எல்லாரு உசுரும் அவன் ஊத்தினதுலதான் இருக்குது. அவன் சோம்பேறியா இருந்தா? சம்சாரத்தோட சண்டை போட்டுட்டு வந்து கவனிக்காம ஊத்தியிருந்தா? யாரு பெத்த புள்ளையோ, அவன் நல்லவனா இருக்கோணும்னு வேண்டிக்கிட்டேன். வேண்டும்போதே நெஞ்சுல ஒரு குத்து. அவனையும் எவளோ ஒருத்தி சீமெண்ணெய்க்காரன்னு சொல்லியிருப்பாள்ல?

கண்ணை மூடி, "சிவன்மலை முருகா, இந்த எண்ணெய் கட்டாம என்னைத் தரையில எறக்கி விட்டுடு. யமுனாவ அந்த நிமலனுக்கே குடுத்துடறேன்"னு சொல்லிட்டேன். வாய் தவறி வந்துருச்சுங்க. சொன்னது சொன்னதுதானே?

அந்தப் பொண்ணு திரும்பி வந்துச்சு, கூட மூத்தவங்க ஒருத்தர். எனக்கு ஒரு கம்பளி போத்தி, ஜூஸ் குடுத்து, பக்கத்துல குந்தி உக்காந்து கையைத் தடவிக் குடுத்தாங்க. என்னமோ சொன்னாங்க. "கேப்டன் ஓகே"ன்னு மட்டும் புரிஞ்சுது. அரைமணி நேரம் இருக்கும். மேப்பைப் பாத்துட்டே இருக்கிறேன், ஒசரம் கொறையுது! முப்பத்தெட்டாயிரம் அடி இருந்தது முப்பத்தேழு, முப்பத்தஞ்சு, முப்பத்து நாலாயிரம். ஒலிபெருக்கியில கேப்டன் இங்கிலீஷ்ல பேசறார். பெல்ட்டுப் போடற லைட் எரியுது. வெளியே மைனஸ் அம்பத்தி ஒண்ணு.

எம் பேச்சைக் கேட்டு எறக்கிட்டாருங்க! எட்டாவதோட நின்னவ பேச்சைக் கேட்டு! சர்தார் பெரியவருக்கு நான் கும்பிடு போட்டேன், அவரும் போட்டார். அதுக்கப்புறம் பசின்னா அப்படியொரு பசி, ரெண்டு ரொட்டி கேட்டு வாங்கித் தின்னேன்.

எட்மன்டன்ல எறங்கினா, ரெண்டு பேரும் வந்து நிக்கறாங்க. யமுனா எளைச்சுத்தான் போயிட்டா. அவன் நல்ல ஒசரம், காது செவந்து போய், என் பெட்டிய வாங்கிக்கிட்டு, "குளிருதே அன்ரி?"ங்கறான். முருகன்கிட்டச் சொன்னதை நான் வெளிய விடலையே. விட்டா மாப்பிள்ளைக்குத் தலை கனத்துப் போயிடும். மொகத்தை இறுக்கமா வெச்சுக்கிட்டேன்.

கார்ல போகும்போதே கேட்டேன். "தம்பி, நான் சொல்லித்தானே கேப்டன் கீழ எறக்கினார்?" நடந்ததைச் சொன்னேன், கேப்டன் டவுன்னு சொன்னது வரைக்கும். யமுனா மூஞ்சியைத் துப்பட்டாவுல மூடிக்கிட்டா, குளிர் தாங்கலை போல, தோளெல்லாம் குலுங்குது. அவன் ரோட்டைப் பாத்தபடியே, துளி சிரிப்பு இல்லாம, "ஓம் அன்ரி. கட்டாயம் அதாலதான் இறக்கியிருப்பார்"ன்னான். ஒன்பது வருசம் இதே வேலையில இருக்கிறவன் சொல்றான், அதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

அடுத்த நாள் காலையில அவன் வந்து, "அன்ரி, பால்கனிக்கு வாங்கோ"ன்னான். வெளியில மைனஸ் முப்பத்தொண்ணு. மூக்கு இருக்கா விழுந்துருச்சான்னு தொட்டுப் பாத்துக்கணும். மூணு கண்ணாடி ஜாடி கொண்டாந்திருந்தான். ஒண்ணுல எங்க தேங்காய் எண்ணெய். ஒண்ணுல யமுனா சமையக்கட்டு நல்லெண்ணெய். ஒண்ணுல கடையில வாங்கின சீமெண்ணெய். மூணையும் பனியில நட்டு வெச்சான். உள்ள வந்து காப்பி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தேங்காய் எண்ணெய் கல்லு. மதியச் சோத்துக்குள்ள நல்லெண்ணெய் பசை. சாயங்காலம் சீமெண்ணெய எடுத்து ஆட்டினான். தண்ணி மாதிரி ஓடுது!

"தேங்காய் எண்ணெய் இருபத்தி நாலு டிகிரியிலயே கட்டத் துவங்கிடும் அன்ரி. நீங்கள் இருந்த இடத்தில ஏசி போட்டிருப்பினம், அதுக்கே கட்டியிருக்கும். விமானத்து எண்ணெய் அப்பிடியில்ல. வெளியில மைனஸ் அறுபத்தி ரெண்டு எண்டாலும் செட்டைக்குள்ள அவ்வளவு குளிர் போகாது. பறக்கிற வேகத்தில காத்து அமுங்கிக் கொஞ்சம் சூடாகும். பிறகு எஞ்சினுக்குப் போக முதல், எஞ்சினுக்குள்ள ஓடுற சூடான எண்ணெய்க் குழாய்க்குப் பக்கத்தால இதைக் கொண்டு போவினம். அது ஆறும், இது சூடாகும். அண்டைக்கு இதைத்தான் சொல்ல வந்தனான், நீங்கள் போனை வச்சிட்டியள்."

அவன் சொன்னதுல பாதி எனக்குத் தேவைப்படலைங்க. ஏன்னா எம் பாட்டில் காட்டினது காட்டினதுதான். ஆனா நான் வேற ஒண்ணைப் பாத்துட்டேன். அந்தச் சீமெண்ணெய் ஜாடிய அவன் தூக்கி வெளிச்சத்துல புடிச்சு, மணிக்கட்டை மட்டும் ஒரு சுழட்டு சுழட்டி, ஒரு கண்ணைச் சுருக்கி அடியில பாத்தான். எனக்காக இல்லீங்க, அவனுக்கே தெரியாமப் பாத்தான். அடியில தண்ணி நிக்குதா, தூசி சுத்துதான்னு. கடைச் சீமெண்ணெய், யாரும் குடிக்கப் போறதில்லை, விமானத்துக்கும் ஊத்தப் போறதில்லை. ஆனாலும் பாக்கறான்.

அம்மணி, முப்பது வருசமா நானும் எங்க வீட்டுக்காரரும் அப்படித்தானுங்க எண்ணெயப் பாக்கறோம். அதே சுழட்டு, அதே கண்ணு.

"எதுக்குப் பாக்கறீங்க?"ன்னு தெரியாதவ மாதிரி கேட்டேன்.

"ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் மேல போய் அதுதான் முதல்ல ஐஸ் ஆகும் அன்ரி. தெளிவா இல்லாட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன். போன மாதம் ஒருக்கா முழு விமானத்தையும் நிப்பாட்டிப் போட்டன். எல்லாரும் பேச்சு."

"பேச்சு வாங்கினீங்களா?"

"நல்லா வாங்கினன்."

நான் எந்திரிச்சு உள்ள போய், முகம் கழுவற மாதிரி கொஞ்ச நேரம் கொழாயத் திறந்து வெச்சுட்டு நின்னேன். தண்ணி அங்க சுடுதண்ணியாவே வருதுங்க, வசதிதான். ரெண்டு தெருவெல்லாம் இனி இல்லை, மூணு விமானம்தான்னு அப்பத்தான் நெஞ்சுக்குள்ள எறங்குச்சு. வெளிய வந்து, "யமுனா, உங்கப்பனுக்குப் போனைப் போடு"ன்னேன்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட, "நல்லா விசாரிச்சுட்டேன், பையன் தங்கம். வைகாசியில நல்ல நாள் பாத்து மண்டபம் கேளுங்க"ன்னேன். அவர் சொல்றார், "மண்டபம் கார்த்திகையிலயே சொல்லியாச்சு. வைகாசி பன்னெண்டு." பாருங்க அம்மணி! நான் கெளம்பறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே! நான் என்ன சொல்லுவேன்னு அவருக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ. முப்பது வருசத் தாம்பத்யம்னா சும்மாவா? யமுனாவோட அலமாரியில பட்டுச்சேலைக்கு ரவிக்கை கூடத் தைச்சு இருந்துச்சு. கேட்டா, சும்மா தைச்சு வெச்சேங்கறா. எந் தம்பி மகன் லோகுக்குத்தான் மனசு ஒடைஞ்சிருக்கும்னு பயந்தேன். அவன் போன்ல, "அத்தை, நீங்க நல்லா இருக்கோணும், நீங்க நல்லா இருக்கோணும்"னு நாலு தரம் சொல்லிட்டு அடுத்த முகூர்த்தத்துலயே அவங்கூடப் படிச்ச புள்ளையக் கட்டிக்கிட்டான். எம் மனசு கோணக் கூடாதேன்னு அவசரமாக் கட்டிக்கிட்டான், பாவம்.

நீங்க ஏங்க சிரிக்கறீங்க? சிரிங்க, சிரிங்க. சிரிச்சாப் பயம் போயிடும்.

இந்தாங்க, ஒரு பத்திரிகை. யமுனா அங்கயே அச்சடிச்சுக் குடுத்தா, கைப்பையில பத்து வெச்சிருக்கிறேன். வைகாசி பன்னெண்டு, மதுரையில இருந்து காங்கேயம் எவ்வளவு தூரம், கண்டிப்பா வரோணும்.

பாட்டில் என்ன ஆச்சுன்னு பாப்போம். ஆ. ஓரத்துல வெள்ளை. ஏசிதானுங்க, ஏசிதான், அவன் சொல்லியிருக்கானே. மணியெல்லாம் நான் அமுக்கப் போறதில்லை. இந்தப் பொண்ணு ரொம்பச் சின்னப் புள்ளையா இருக்குது, பயந்துக்கும்.

ஒண்ணு சொல்லட்டுங்களா? இன்னிக்குக் காலையில எட்மன்டன்ல அந்த நாலாவது விமானத்துல ஏறி உக்காந்தேன். ஜன்னல்ல பாக்கறேன், எறக்கைக்குக் கீழ லாரி. தலையில இருந்து கால் வரைக்கும் துணியச் சுத்திக்கிட்டு ஒரு உருவம், கண்ணு மட்டும்தான் தெரியுது. கொழாயில இருந்து ஒரு ஜாடியில புடிச்சு, வெளிச்சத்துக்குத் தூக்கி, மணிக்கட்டை மட்டும் ஒரு சுழட்டு சுழட்டுச்சு. ஒரு தரம் பாத்துச்சு. மறுபடியும் ஊத்திட்டு ரெண்டாந்தரம் புடிச்சுப் பாத்துச்சு. மூணாந்தரமும் பாத்துச்சுங்க. விமானம் கெளம்பவே கால்மணி தாமதம், பக்கத்துல இருந்த வெள்ளைக்காரர் முணுமுணுத்துக்கிட்டே இருக்கிறார். அப்புறம் அந்த உருவம் திரும்பி நின்னு ஜன்னலையெல்லாம் பாத்துக் கையை ஆட்டுச்சு. நான் எந்த ஜன்னல்னு தெரியலை, முன்னால ஏதோ ஒரு ஜன்னலைப் பாத்து ஆட்டிட்டு இருந்துச்சு. நான் பாட்டிலத் தூக்கி ஆட்டினேன். பாத்துச்சோ என்னமோ.

அந்த விமானத்துல நான் பெல்ட்டுப் போட்டதும் தூங்கிட்டேனுங்க. குளிரு எத்தனைன்னு கூடப் பாக்கலை. வான்கூவர்ல எறங்கினப்புறம்தான் எழுப்பி விட்டாங்க.

இந்த விமானத்துக்கு யாரு ஊத்தினாங்கன்னு நான் பாக்கலை பாருங்க. அதுதான்.

கையை எடுக்காதீங்க அம்மணி.